வந்துட்டேன் என்றது டிஸ்க்

இது நடந்தது. கதை கட்ட மாரிசெல்விக்குப் பொழுதும் கிடையாது, புத்தியும் அந்தப் பக்கம் போகாது. மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவள். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரித்துவிடுவாள். இப்போது சிரிப்பதில்லை. நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அவளோடு வேலை பார்த்த சுதன் போன ஆடியில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்ச் சேர்ந்தான். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. மனைவி விஜயராணி, மூன்று வயது மகள் தமன்னா.

சுதனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம் என்று இலவசமாக விட்டிருக்கும் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு, சம்பளமில்லாமல் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் பொய்யாக ஓடும். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அந்தப் பொய் மெஷினுக்கு ஒரு டிஸ்க் இருப்பதாக நம்பவைப்பதுதான் டிரைவரின் வேலை. நிஜ டிஸ்க் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, ஒன்றும் அந்தப் பொய் மெஷினுக்குத் தெரியாது. டிரைவர் இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறது. அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க, வீட்டுப் போட்டோக்கள் அத்தனையையும் அந்த டிஸ்கில் ஏற்றினான் சுதன். போனில் இருந்ததையும் அழித்துவிட்டான். "நம்ம போட்டோ பத்திரமா இருந்தா ஊரான் டேட்டாவும் பத்திரமா இருக்கும்" என்பான். கொழுப்புப் பிடித்தவன்! டிஸ்க் இணைந்தால் திரையில் 'வந்துட்டேன்' என்றும், விலகினால் 'போயிட்டு வாரேன்' என்றும் வரும்படி எழுதியிருந்தான்.

பத்தாம் நாள் விஜயராணி போன் செய்தாள். "பதினாறுக்கு மாலை போட ஒரு போட்டோ இல்ல, செல்வி. ஆதார் கார்டு படத்தையா மாட்ட? இவளுக்கு அப்பா முகம் மறந்துரும்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் மாரிசெல்வி லீவு போட்டுப் போனாள். நல்ல மழை. உச்சி வேளை. விஜயராணி ஏணியைக் காட்டினாள்.

"லேப்டாப்பு மாளாவுல இருக்கு. அவிய வச்ச எடத்துலயே. நான் தொடல."

"நான் பாக்கேன் மைனி."

மாளா என்றால் தலை தட்டும் தகரப் பரண். அதுதான் சுதனின் ஆபீஸ். மாரிசெல்வி லேப்டாப்பைத் திறந்து, பென்டிரைவைச் செருகி, பொய் மெஷினை ஓடவிட்டாள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. டிஸ்க் எதுவும் காணோம் என்றது. திரும்பக் கேட்டாள். இல்லை. மூன்றாவது தடவை கேட்டாள்.

'வந்துட்டேன்.'

போட்டோக்கள் வரிசையாக நின்றன. சுதன் தோளில் தமன்னா. மாரிசெல்வி பெருமூச்சு விட்டாள். டிஸ்க் லேப்டாப்புக்குள்ளேதான் இருக்கும் என்று நினைத்தாள். சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பென்டிரைவுக்கு இறக்க ஆரம்பித்தாள்.

பட்... பட்...

தகரத்தில் மழை. அப்படித்தான் நினைத்தாள்.

திரையின் ஓரத்தில் டிரைவர் ஓர் எண்ணைக் காட்டியது. 'சூடு 44.' மாரிசெல்வி புருவத்தைச் சுருக்கினாள். நிஜ டிஸ்க் சூடாகும், அதைச் சொல்லும். பொய் டிஸ்குக்கு ஏது உடம்பு, ஏது சூடு? சுதன் ஏதோ விளையாட்டுக்கு எழுதி வைத்திருக்கிறான்.

'சூடு 90.'

லேப்டாப்பின் அடியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

பட்... பட்... பட்...

மழை விட்டிருந்தது. சத்தம் விடவில்லை.

'சூடு 210.'

எந்த டிஸ்கும் இதைத் தாங்காது. கீழே இறங்கி ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. இன்னும் ஒரு தொகுப்பு பாக்கி. தமன்னாவின் முதல் பிறந்தநாள்.

படம் பாதியில் நின்றது.

"அண்ணே... இது ஒண்ணு மட்டும்ணே..." என்றாள். யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே உடல் சிலிர்த்தது.

'சூடு 480.'

படம் நகர்ந்தது... மெதுவாக... யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பதைப் போல.

முடிந்தது.

அவள் விசையைத் தொடவில்லை. அது தானாக வந்தது.

'போயிட்டு வாரேன்.'

சாவு வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை! வந்தவர்கள்கூட வாய் திறக்காமல் எழுந்து போகிற வீடு. மாரிசெல்வி மூடியை அறைந்து சாத்தினாள். ஏணியில் எப்படி இறங்கினாள் என்று நினைவில்லை. பென்டிரைவை விஜயராணி கையில் திணித்துவிட்டுச் சந்தில் நடந்தாள்.

பதினாறாம் நாள் டீவியில் படங்கள் ஓடின. தமன்னா ஒவ்வொன்றுக்கும் "பப்பா, பப்பா" என்று கை தட்டினாள். விஜயராணி பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். அஸ்தி கரைக்க ஊருக்குப் போயிருந்த சுதனின் தம்பி மகேஷ்குமார் அன்று காலைதான் திரும்பியிருந்தான். டீவியைப் பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. மாரிசெல்வியை வாசலுக்கு இழுத்து வந்தான்.

"யக்கா, இது எங்கேருந்து எடுத்திய?"

"அண்ணன் லேப்டாப்புல இருந்து."

"அதுல எதுவும் கெடையாது. அண்ணன் எல்லாத்தையும் வெளிய ஒரு கறுப்பு டிஸ்க்லதான் வச்சிருப்பான். கையகலம்."

"அது எங்க?"

மகேஷ் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"மைனிட்ட சொல்லிராதிய. ராத்திரி பகலா அதையே கட்டிட்டு அழுதானேன்னு, சயான் சுடுகாட்டுல நானே அவன் நெஞ்சுல வச்சுட்டேன். உள்ள போட்டோ இருக்குன்னு சத்தியமா தெரியாது."

மாரிசெல்வி விரல் விட்டு நாளை எண்ணினாள். அவள் மாளாவில் ஏறுவதற்குப் பத்து நாள் முன்னால் எரிந்து சாம்பலான டிஸ்க்.

"இன்னொண்ணு யக்கா. நான் யாருட்டயும் சொல்லல, பைத்தியம்பானுவ. அதுல வயர் இல்ல, கரண்டு இல்ல. ஆனா தீ வச்சதுலேருந்து டிஸ்க்ல இருக்க நீல லைட்டு விட்டு விட்டு மின்னிச்சு. கட்டை பட்டு பட்டுனு வெடிச்சு, தீ முழுசா மூடுற வரைக்கும் மின்னிச்சு. அது எதுக்கு மின்னும்?"

மாரிசெல்விக்கு அது தெரியும். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

யாராவது டிஸ்கிலிருந்து எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அந்த விளக்கு மின்னும்.