பெரியப்பா பாதை பார்த்துச் சொன்ன விதம்

என் பெரியப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே நடக்கப் போகும் எங்கள் குழுவுக்கு, பாதை எவ்வளவு கஷ்டம் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதும் அவர்தான்.

அதற்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து வருவார். பெரியம்மா வழிநெடுக வாய் மூடாமல் பேசினால் அது சுலபமான பாதை. பேச்சு விட்டு விட்டு வந்தால் நடுத்தரம். பெரியப்பாவைத் திட்டக்கூட மூச்சில்லாமல் போனால் கடினம். இந்தக் கணக்கு ஒருமுறையும் தப்பியதில்லை.

மழைக்காலத்தில் பெரியம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு பெரியப்பா முதன்முறையாகத் தனியே போய் ஏரிக்கரைப் பாதையைப் பார்த்துவிட்டு வந்து, "கடினம்" என்றார். அதை நம்பி முட்டிவலிக்காரர்கள் எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தால், மேடு பள்ளமே இல்லாத மண்பாதை.

"என்ன மெக்கானிக், இதுல கைக்குழந்தைகூடத் தவழ்ந்து போகுமே. இதுக்கா எங்க வீட்டம்மாவை விட்டுட்டு வந்தேன்?" என்றார் எங்கள் குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் பின்தங்கி அவரோடு நடந்தேன். "நிஜமாவே கஷ்டமா இருந்துச்சா பெரியப்பா?"

"அன்னைக்கு வழி பூரா ஒரு பேச்சுச் சத்தமும் இல்லம்மா," என்றார். "அதான் கடினம்னு நெனச்சுட்டேன்."

திரும்பி வந்ததும் மருந்துக்கடைக்காரரிடம் போனார். "இனிமே நீங்க பாத்துச் சொல்லுங்க. தனியா மட்டும் போகாதீங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க," என்றார்.