போக்குவா அக்காவின் மூன்றுகால் பின்னல்

மூன்று மாதம்! முழுசாக மூன்று மாதம் என் கணினிக்குள் ஒரு பெண்ணின் சடை அவள் மண்டைக்குள்ளேயே புதைந்துகொண்டிருந்தது. அதை வெளியே எடுத்தவர், மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் போக்குவா அக்கா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது, போகட்டும்.

எங்களுடையது கணினி வரைகலையும் வடிவியலும் பார்க்கும் ஆய்வுக் குழு. பேராசிரியர் அம்பாடுவும் ஐந்து மாணவர்களும். ஆறு பேரும் ஆண்கள், ஆறு பேரும் தலையை ஒட்ட மழித்தவர்கள். இந்த ஆறு மொட்டைகளும் சேர்ந்து எடுத்துக்கொண்ட வேலை என்ன தெரியுமா? எங்கள் ஊர்ப் பெண்கள் தலையோடு ஒட்டி வரிவரியாகப் போடும் பின்னலைத் திரையில் உருவாக்குவது! கடையில் வாங்கும் மென்பொருளில் நீளக் கூந்தல் காற்றில் பறக்கும், குதிரைவால் ஆடும். எங்கள் வரிப்பின்னல் மட்டும் வராது. நாங்கள் கொண்டுவந்து காட்டுகிறோம் பார் என்று மார்தட்டிக் கிளம்பினோம்.

போக்குவா அக்காவின் அம்மா எங்கள் குமாசி நகரச் சந்தையில் குடை நட்டுத் தலை பின்னியவர். அக்கா எட்டு வயதிலேயே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிப் படிப்பு, பாலிடெக்னிக் டிப்ளமா, எல்லாம் அந்த விரல்கள் சம்பாதித்துக் கொடுத்தவை. பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மதியம் பயறு போட்டு வேகவைத்த வாக்யே சோற்றுப் பொட்டலத்தை இலையோடு பிரித்து, எங்களில் யார் சாப்பிடவில்லையோ அவனைத் திட்டிக்கொண்டே பாதியைத் தள்ளிவிடுவார்.

முதுகலை படிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். இரண்டு முறை விண்ணப்பித்தார். டிப்ளமா போதாது என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். முப்பத்தெட்டு வயதில் மூன்றாவது முறை. இந்தத் தடவை கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தேர்வுக் குழுவின் முன் சொந்த ஆய்வு ஒன்றைக் காட்டவும், இதுவே கடைசி வாய்ப்பு. அக்காவிடம் இருந்தது, ஸ்கேன் செய்த முகங்களில் விழும் ஓட்டைகளை அடைக்கும் சின்ன நிரல் ஒன்றுதான். "அது டெக்னீஷியன் வேலைதானேம்மா" என்பார்கள். அது அவருக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குக் கரண்ட் போனது. பெரிய மெஷின் படுத்துவிட்டது. நான் கடுப்பின் உச்சத்தில் இருந்தேன். முந்தின நாள், முடி மண்டைக்குள் போகாமல் தடுக்கும் விசையைக் கூட்டிப் பார்த்திருந்தேன். மொத்தத் தலையும் வெடித்துத் திரை முழுக்கச் சிதறியது. என்னதான் தப்பு என்று நண்பனுக்கு விளக்க, மூன்று நெட்வொர்க் ஒயர்களை மேஜையில் வைத்து என் நிரல் செய்கிற மாதிரியே பின்ன ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. சாதாரணச் சிரிப்பா அது? அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய் பொன்சு, என்னடா பண்ற? பாய் முடையறியா?"

"சடை போடறேங்க்கா. என் புரோகிராம் இப்படித்தான் போடுது."

"ஓரத்துக் காலை நடுக்காலுக்கு மேலயா தூக்கிப் போடுற?"

"வேற எப்படிப் போடறதாம்?"

"ஐயோ கடவுளே! மூணு மாசமா இப்படியா போட்டுக்கிட்டிருக்க? என் பொண்ணு ஆறு வயசுல இந்தத் தப்பைப் பண்ணா, கையில ஒண்ணு போட்டேன். அடியில விடுடா, அடியில! மேல போட்டா சடை உள்ள அமுங்கும். அடியில விட்டாத்தான் எழும்பி நிக்கும்."

ஒயர்களை என் கையிலிருந்து பிடுங்கினார். ஓரத்து ஒயர் நடு ஒயருக்கு அடியில், மறு ஓரமும் அடியில். நாலே நொடி. மேஜை மேல் பின்னல் முதுகெலும்பு மாதிரி எழுந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் நிரலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு குறி: கூட்டலைக் கழித்தலாக்க வேண்டும்!

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. குறியை மாற்றி ஓடவிட்டேன். திரையில் அந்தப் பெண்ணின் நெற்றியிலிருந்து முதல் சடை எழுந்தது, இரண்டாவது எழுந்தது, பிடரி வரை ஒன்பது சடையும் எழுந்தன. நான் போட்ட கூச்சலில் பேராசிரியர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சாக்பீஸோடு ஓடிவந்தார். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம்.

"பிரமாதம் போக்குவா! கட்டுரைக் கடைசியில உனக்கு ஒரு நன்றி போட்டுடலாம்" என்றார் அவர்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "நன்றியை வச்சு நான் என்ன பண்றது ப்ரொஃப்? வெள்ளிக்கிழமை அவங்க ஆய்வு கேக்கறாங்க. இதை நான் காட்டறேன்."

"ஒரு குறியை மாத்தினா ஆய்வாயிடுமா? இதை எந்த லேடீஸ் சலூன்லயும் சொல்லிடுவாங்களே!"

"அப்ப மூணு மாசமா ஏன் ஒருத்தர்கூட சலூன் பக்கம் போகல?"

ஆறு பேரும் அவரவர் மொட்டையைத் தடவிக்கொண்டோம். பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். "நல்லா கேட்ட, போ! ரெண்டு நாள் இருக்கு. உன் விரல் செய்யறதையெல்லாம் கணக்கா எழுதிக் காட்டு, பாப்போம்."

அக்கா எழுதினார். விரலுக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவர அவர் பட்ட பாடு! காற்றில் பின்னிப் பார்ப்பார், நிறுத்துவார், ஒரு வரி எழுதுவார், அடிப்பார். ஒவ்வொரு முறை கால் மாறும்போதும் அடியிலிருந்து எவ்வளவு முடி சேர்க்க வேண்டும், காதை ஒட்டி வகிடு வளையும்போது பக்கத்துச் சடையோடு இடைவெளி எப்படிக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் வியாழன் மாலைக்குள் ஏழு விதிகள். ஏழும் கணினியில் ஓடின.

வெள்ளிக்கிழமை நான் கணினியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். மூன்று பேர் குழு; தலைவர் டாக்டர் துஃபி, மிடுக்கான விக் அணிந்த பெண்மணி. அக்கா திரையில் எல்லாம் காட்டி முடித்ததும் ஓரத்தில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"மேல போட்டா அமுங்கும், அடியில விட்டா எழும்பும்னு சொல்றீங்க. எந்தக் கட்டுரையில இருக்கு இது? ஆதாரம் எங்கே?"

அக்கா தலைத்துணியை அவிழ்த்தார். இடது பாதி முழுக்க மேலே போட்ட பின்னல், அமுங்கிக் கிடந்தது. வலது பாதி அடியில் விட்டது, வரிவரியாக எழுந்து நின்றது. "தங்கச்சியை விட்டு நேத்து என் தலையில போட்டுக்கிட்டேன். தொட்டுப் பாருங்க சார்" என்றார்.

சார் எழவில்லை. டாக்டர் துஃபி எழுந்து வந்தார். இடது பக்கம் விரலை ஓட்டினார், வலது பக்கம் ஓட்டினார், மறுபடி இடது பக்கம். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு முன்னாடி இந்த புரோகிராமை எழுதினது யாரு?" என்றார்.

அது என்னுடைய முனைவர் பட்ட வேலை. "நான்தாங்க மேடம். மூணு மாசம் தப்பாவே செஞ்சேன். அக்கா நாலு நொடியில கண்டுபிடிச்சாங்க. அந்த ஏழு விதியில ஒண்ணுகூட என்னோடது இல்ல."

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். பத்து நிமிடம். அக்கா தலைத்துணியைக் கட்டவும் மறந்து, பாதி அமுங்கி பாதி எழுந்த தலையோடு சுவரில் சாய்ந்திருந்தார். போகிற வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்தது. "திங்கட்கிழமை வந்து பதிவு பண்ணிக்கோங்க" என்றார் டாக்டர் துஃபி.

நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. படிக்கட்டில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல், கணினியில் கட்டுரையைத் திறந்து அவர் மடியில் வைத்துக் காட்டினேன். "இங்க பாருங்கக்கா, உங்க பேரை முதல்ல போட்டுட்டேன். என் பேரு அடுத்ததுதான்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து பார்த்தார். பெயருக்குக் கீழே ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"டெக்னீஷியன்னு இருக்கு பாரு. அதை அழிடா. மாணவின்னு போடு."

அங்கேயே, அந்தப் படியிலேயே உட்கார்ந்து மாற்றினேன். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.