இத்தா நாட்களில் லூப் வகுப்பு

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஹமீதா பானு 'சி' மொழி சொல்லிக்கொடுத்துவந்தாள். கம்ப்யூட்டர் படித்தால் எங்காவது போய்விடலாம் என்று ஊரே துடித்த காலம் அது. அவள் கணவன் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் கட்டட வேலை பார்த்தான். லீவில் வந்துபோன நாட்கள்தான் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது.

அன்று ஆனந்தவல்லிக்குப் பாடம். அவள் ஹமீதாவைவிட மூத்தவள். குறுவை பொய்த்து, புருஷன் திருப்பூருக்குப் போனபின், அரிசி ஆலையில் ஒரு வேலை கிடைக்காதா என்று படிக்க வந்தவள். 'ஒய்' அழுத்தினால் புரோகிராம் தொடரவேண்டும், 'என்' அழுத்தினால் நிற்கவேண்டும். அவளுடையதோ எதை அழுத்தினாலும் நிற்கவில்லை.

அப்போது போன் வந்தது. ஷார்ஜாவிலிருந்து கணவனின் அண்ணன் அஹமது கபீர். ஹமீதா "ம்" என்றாள், மறுபடி "ம்" என்றாள், வைத்துவிட்டாள். திரும்பி வந்து திரையில் விரல் வைத்தாள்.

"இஃப்ல ஒரு ஈக்குவல்தான் போட்டிருக்கீங்கக்கா. ரெண்டு போடணும். ஒண்ணு போட்டா அழுத்துனது 'ஒய்'யான்னு பாக்காது, அதுவே 'ஒய்'யா மாத்திக்கும்."

ஆனந்தவல்லி திருத்திவிட்டு 'என்' அழுத்தினாள். நின்றது.

"போன்ல யாருங்க டீச்சர்?"

"எங்க வீட்டுக்காரர் மவுத்தாயிட்டாராம். சாரம் சரிஞ்சிடுச்சாம். அங்கேயே அடக்கிடுவாங்களாம்."

ஆனந்தவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹமீதா தன் கையை யாருடையதோ போலப் பார்த்தாள்.

கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடிருக்கும் இத்தா தொடங்கியது. வந்த பெண்கள் அழுதார்கள். இவளுக்கு அழுகை வரவில்லை. ஒருநாள் ஆனந்தவல்லி டவுன் பஸ் பிடித்து வந்தாள். தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"கேக்கக் கூடாதுதாங்க. பரிட்சை வருது."

ஹமீதா பென்சிலை வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் இல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் என்ன ஆகும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள். "பாருங்கக்கா, லூப்புக்குள்ள, எண்ணிக்கை வைக்கிற 'ஐ'யைக் கூட்டவே இல்ல. அப்புறம் எப்படிப் பத்துக்கு வரும்?"

மாமியார் கமருன்னிஸா கதவருகே நின்றிருந்தார். "இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கும்மா?"

"இது செய்ய முடியுது மாமி."

கமருன்னிஸா உள்ளே போனார். இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. மகனைப் பெற்றவர் அல்லவா. அதன்பின் ஆனந்தவல்லி வாராவாரம் வந்தாள்.

இத்தா முடிவதற்குள் ஆனந்தவல்லி பரிட்சையில் தேறி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஆலையில் பில் போடும் வேலையில் சேர்ந்துவிட்டாள். வெளியே வரலாம் என்றான அன்று ஹமீதா நேரே சென்டருக்குத்தான் போனாள். புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சென்டர் உரிமையாளரான பாசித், தலையைக் குனிந்தபடி, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே" என்றார்.

"பரவாயில்லைங்க," என்று சாக்பீஸை எடுத்தாள்.