பராட்டாக் கடையில் ஒரு சுற்றுலாப் பயணி

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை எங்கள் ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பதில்லை. சிலர் கல்முனை பஸாரில் சொந்தக்காரரின் புடவைக்கடையில் நிற்பார்கள். சிலர் விசிட் விசாவில் வெளிநாடு போய் இரண்டு மாதம் வேலை செய்துவிட்டு வருவார்கள். நான் பரீட்சை எழுதிய வருடம் புடவைக்கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. உரம் கிடைக்காமல் வாப்பாவின் வயல் மஞ்சளித்துக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் டுபாயில் இருந்த மச்சான், மூத்தவளான என் ராத்தாவின் மாப்பிள்ளை, போன் எடுத்தார்.

“விசிட்டில வா தம்பி. எனக்குத் தெரிஞ்ச மலையாளி ஒராள்ட கடை இரிக்கி. லீவு மாதிரியும் இரிக்கும், ஊரயும் பாத்திட்டுப் போகலாம்.”

“விசிட்டில வேல செய்ய ஏலுமா மச்சான்?”

“எல்லாரும் செய்றானுகள்தானே.”

ஏலும் என்றும் அவர் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்தும் போனேன்.

மச்சானின் அறையில் எட்டுப் பேர். கட்டிலுக்கு மேல் கட்டில். எனக்குக் கிடைத்தது கதவோரம் மேல் கட்டில். கடை அங்கிருந்து ஏழெட்டு நிமிட நடை. ஒரு முடுக்கில் நான்கு மேசை போட்ட சின்னக் கடை. முதலாளி எப்போதாவதுதான் வருவார். கடையை நடத்தியது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலையாளி. எல்லாரும் அவரை இக்கா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பராட்டா வீசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முதல் நாள் அவர் எனக்குப் பழக்கியது மாவு பிசைய அல்ல.

“செக்கிங் வந்தால்,” என்றார் தன் மலையாளத் தமிழில், “ஏப்ரன் கழற்று. மாவுச் சாக்கின் பின்னில் இடு. மூணாமத்த மேசையில் இரு. போன் நோக்கு. ஓட வேண்டா. ஓடியால் பிடிக்கும். இருந்தால் நீ கஸ்டமர்.”

இரண்டு தரம் ஒத்திகை பார்க்க வைத்தார். இரண்டாம் தரம் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. போன வருடம் இதே கடையில் ஒரு நேபாளிப் பையன் பின்கதவால் ஓடி, முடுக்கின் முனையில் அவர்களிடமே போய் மோதியதைச் சொன்னார். அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். இனி அவன் அந்த நாட்டுப் பக்கமே வர முடியாதாம்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசோதகர்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன். அந்த நாட்டு நீள அங்கியான வெள்ளைக் கந்தூரா போட்டிருப்பார்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் என்றார். கடைக்கு வரும் பத்துப் பேரில் இரண்டு பேர் வெள்ளைக் கந்தூரா போட்டவர்கள்தான். ஆகவே ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை என் நெஞ்சு நின்று நின்று அடித்தது. கதவு திறக்கும்போதெல்லாம் முதலில் கழுத்தைப் பார்ப்பேன். அட்டை இல்லையென்றால்தான் முகத்தைப் பார்ப்பேன். வேலை முடிந்து அறைக்குப் போகும்போதும் கண்ணாடிக் கடைகளின் முன்னால் நடக்க மாட்டேன். கண்ணாடியில் தெரிந்த என் நிழலையே யாரோ என்று எண்ணி ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். உம்மா போன் எடுத்து, “எங்கெல்லாம் போனாய் மனெ?” என்று கேட்டால், “போகணும்மா, வெயில் கடுமையாக் கிடக்கு,” என்று சமாளிப்பேன்.

முப்பத்தெட்டாம் நாள், காலைச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து மேசை துடைத்துக்கொண்டிருந்த நேரம், அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர். முதல் ஆளின் கழுத்தில் அட்டை இருந்தது. இரண்டாவது ஆளின் அட்டை சட்டைப் பைக்குள் கிடந்தது, நீல நாடா மட்டும் தெரிந்தது.

ஒத்திகையில் செய்ததையெல்லாம் என் கை தானாகவே செய்தது. ஏப்ரன் மாவுச் சாக்குக்குப் பின்னால் போயிற்று. அவர்கள் வாசலில் நின்று கடையின் அனுமதிப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. நான் மூன்றாவது மேசையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். திரையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அட்டை தொங்கியவர் சமையலறைக்குள் போனார். மற்றவர், நாற்பது வயது இருக்கும், வெட்டிய தாடி, மூன்று மேசைகள் காலியாக இருக்க, நேரே வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“சலாம் அலைக்கும்,” என்றார்.

பதில் சலாம் சொன்னேன்.

இக்கா வந்து நின்றார். அந்த மனிதர் தேநீர் கேட்டார். இக்கா என் பக்கம் திரும்பி, “சாருக்கு என்ன வேணும்?” என்றார். காலையில்தான் மாவில் தண்ணீர் கூடிவிட்டதென்று என்னைக் கழுதை என்று ஏசியிருந்தார். நானும் ஒரு தேநீர் என்றேன்.

“எந்த நாடு?” ஆங்கிலத்தில், நிதானமாகக் கேட்டார்.

“ஸ்ரீலங்கா.”

“வேலையா?”

“விசிட். மச்சானைப் பார்க்க வந்தேன்.”

“எத்தனை நாள்?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “முப்பத்தெட்டு.”

“நல்லது. என்னென்ன பார்த்தாய்?”

இதற்கு மட்டும் நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. முடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தால் தூரத்தில் ஊசி போலத் தெரியும் அந்த உயரமான கட்டடத்தைச் சொன்னேன்.

“மேலே ஏறினாயா?”

“இல்லை.”

“கடற்கரை?”

“இன்னும் இல்லை.”

“நூதனசாலை? பழைய சந்தை? படகு?”

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கடைக்குப் பின்னாலுள்ள பள்ளிவாசலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “முப்பத்தெட்டு நாளில் ஒரு பள்ளிவாசல்,” என்று மட்டும் சொன்னார்.

தேநீர் வந்தது. கோப்பையைத் தூக்கியபோதுதான் என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மாவு. முழங்கைக்குக் கீழே பராட்டாக் கல் சுட்ட காயம், இரண்டு நாள் பழையது. கோப்பையை வைத்துவிட்டுக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவருடைய கண்ணும் கையோடு மேசைக்கு அடியில் போய்த் திரும்பி வந்தது.

“பாஸ்போர்ட்?”

அறையில் இருக்கிறது என்றேன். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் தன் போனை எடுத்து அந்தப் படத்தைப் படம் பிடித்துக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது. தினமும் வரும் பாகிஸ்தானி டாக்ஸிச் சாரதி. உள்ளே வரும்போதே என்னைப் பார்த்து, “ஸ்ரீலங்கா! தோ பராட்டா, ஜல்தி!” என்று கத்தினார்.

நான் அசையவில்லை. எழும்பினால் முடிந்தது என்று தெரியும், ஆனாலும் என் கால் எழும்பப் பார்த்தது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் அந்தக் குரலுக்கு எழும்பிய கால். தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“தோ பராட்டா, ஆ!” என்று இக்கா அடுப்படியிலிருந்து பதில் கொடுத்தார், தன்னைத்தான் கூப்பிட்டது போல. சாரதி நீல நாடாவைக் கண்டார். “பிறகு வாறேன்,” என்பது போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் முன்னால் இருந்தவர் தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார். எனக்கு அது அரை நாள் போல இருந்தது. பிறகு எழுந்து, என் தேநீருக்கும் சேர்த்துக் காசை மேசையில் வைத்தார்.

“நீ இந்த நாட்டின் விருந்தாளி,” என்றார். “விருந்தாளி நாட்டைப் பார்க்க வேண்டும். இப்போதே போ. இன்னொரு தடவை இந்தக் கடையில் உன்னைக் கண்டால் நான் இப்படிக் கதைக்க முடியாது.”

நான் வெளியே வந்தேன். காலில் அடுப்படியில் போடும் ரப்பர் செருப்பு. அறைக்குப் போகப் பயம், யாராவது பின்னால் வருவார்களோ என்று. மச்சான் போன் எடுக்கவில்லை. வெயில் தலையைப் பிளந்தது. எந்தப் பாதை எங்கே போகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நடந்து நடந்து படகுகள் நிற்கும் ஒரு கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டேன். அங்கே வெள்ளைக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு மர வாங்கில் உட்கார்ந்தேன். ஒரு பெண் தன் போனைத் தந்து, தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னாள். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதும் கலங்கியது. அவள் பரவாயில்லை என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் போனில் இடம் கேட்டு வந்து கூட்டிக்கொண்டு போனார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“படம் எடுத்தானா? உன்ட பாஸ்போட்டயா?”

“ஓம் மச்சான்.”

“என்ட பேர் கேட்டானா?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“கேக்கல்ல மச்சான்.”

அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னைக் கூப்பிட்டது அவர். அவருடைய வேலை, ராத்தா, பிள்ளைகள், கட்டிக்கொண்டிருந்த வீடு எல்லாம் அந்த ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இக்காவின் கடதாசிகள் சரியாக இருந்தபடியால் அவருக்கு ஒன்றும் இல்லை. சமையலறைச் சுத்தம் பற்றிக் கடைக்கு ஓர் எச்சரிக்கைத் துண்டு மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆனால் முதலாளி, அந்தப் பையனை இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மச்சான் டிக்கெட்டை முன்னுக்கு மாற்றினார். அதுவரை ஒன்பது நாள். எல்லாரும் வேலைக்குப் போனபின் எட்டுக் கட்டில் அறையில் நான் தனியே கிடந்தேன். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும்போது ஒரு மணிச் சத்தம் வரும். அதன்பின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் போகிறதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். எங்கள் கதவைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விடுவேன். பகல் லுஹர் தொழ நின்றால் எத்தனை ரக்அத் முடிந்தது என்பது மறந்துவிடும்.

கடைசி வெள்ளிக்கிழமை மச்சான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, “வெளிக்கிடு,” என்றார்.

“எங்க?”

“ஊர் சுத்த. எயாபோட்ல கேட்டா என்ன காட்டப் போறாய்?”

அந்த ஒரு பின்னேரத்தில் உயரமான கட்டடத்தின் அடி, தண்ணீர் ஆடும் குளம், கடற்கரை, பழைய சந்தை எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் இடத்திலும் நான் நிற்பேன், மச்சான் படம் எடுப்பார், உடனே அடுத்த இடம். “சிரிடா,” என்பார். அவரும் சிரிக்கவில்லை. கடற்கரையில் நான் அலையைக்கூடத் தொடவில்லை.

விமான நிலையத்தில் ஓர் இளம்பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கினாள். கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பக்கத்துக் கூண்டுக்குப் போனாள். நான் ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தேன், பாதியில் வரி மறந்துபோனது. அவள் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டாள், இருவரும் சிரித்தார்கள், ஒரு பேனாவோடு திரும்பி வந்தாள். முத்திரை குத்தினாள். படங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

உம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. படங்களைக் காட்டினேன். அவர் அதை மாமிமாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு மச்சான் லீவில் வந்தார். பகல் சாப்பாட்டுக்கு வாப்பா, மச்சான், நான், வாப்பாவின் தம்பியான சாச்சா நால்வரும் ஒரே பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மச்சான் திடீரென்று அந்தக் கதையைத் தொடங்கினார். கடையில் இருந்தவரைப் போலச் சொன்னார். இக்கா ‘சார்’ என்றதையும், டாக்ஸிக்காரன் கத்தியதையும், நான் பள்ளிவாசலைச் சொன்னதையும் குரல் மாற்றி மாற்றிச் சொல்ல, வாப்பாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. குசினியிலிருந்து ராத்தாவும் உம்மாவும் வந்து நின்று சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். உண்மையில் சிரிப்பான கதைதான் அது. சோற்றைப் பிசைந்து ஒரு பிடி எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. விரல்கள் நடுங்கிச் சோறு சஹனிலேயே உதிர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை, மச்சானைத் தவிர. அவர் கதையைச் சட்டென்று நிறுத்தி, இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, “சாப்பிடு தம்பி,” என்றார்.