பதினாலாம் நம்பர் காமிக்ஸ்

தொண்ணூத்தெட்டுல நான் பெரியகுளத்துல இருந்து காமயகவுண்டன்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தேன். அந்த வீட்டுல நான் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கு. மீசையும் குரலுமா அவுக தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா, திராட்சை வெட்டுற ஆளுக பேச்சே நின்னுரும். தம்பி பொண்டாட்டி மூத்தவுக முன்னால நிக்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாதுங்கிறது அங்கன வழக்கம். செருப்புச் சத்தம் கேட்டா நான் அடுப்படிக்குள்ள போயிருவேன். ஏதாவது வேணும்னா சுவரைப் பார்த்து, "இந்த வீட்ல காபி கிடைக்குமா?"ன்னு கேப்பாக. அஞ்சு மாசமா எங்களுக்குள்ள இருந்த பேச்சுவார்த்தை அம்புட்டுத்தான்.

ஒருநாள் திராட்சைப் பெட்டிக்கு அடியில விரிக்கப் பழைய பேப்பர் எடுக்க மச்சுக்கு ஏறினேன். அங்கன ஒரு தகரப்பெட்டி. பேப்பர்தான்னு நெனச்சுத் திறந்தா, ஆத்தாடி, அம்புட்டும் காமிக்ஸ்! நாப்பது நம்பர் வரைக்கும் வரிசையா, வேப்பிலை போட்டு. முகமூடி போட்ட வீரனுக ஏழு பேரு ஒரு ஆத்தங்கரை நகரத்தைக் காப்பாத்துற தொடர். சின்ன வயசுல நான் சோறு தண்ணி மறந்து படிச்சது. என்கிட்ட இருந்ததையெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின வாரந்தான் அப்பா எடைக்குப் போட்டிருந்தாரு. "போற இடத்துல உன்னைய என்ன நெனப்பாக?"ன்னாரு. நான் மூணு நாள் அழுதேன்.

அட்டையில இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அது மூத்தவுக பெட்டின்னு தெரிஞ்சுபோச்சு. மூடிட்டு இறங்கியிருக்கணும். புத்தி எங்க போச்சோ, மறுநாளும் ஏறினேன், அதுக்கு மறுநாளும்.

அந்த நகரத்துல ஒரு தடவை உடைஞ்சது உடைஞ்சதுதான். அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மத்த கதையில இடிஞ்ச கட்டடம் அடுத்த புத்தகத்துல புத்தம் புதுசா நிக்கும். இதுல பதினொன்னாம் நம்பர் சண்டையில பாலம் உடையும். பன்னெண்டுல ஜனங்க படகுக்கு வரிசையில நிப்பாக. பத்தொம்பதுல படகுக்காரன் மாடி வீடு கட்டியிருப்பான். இருபத்தாறுல புதுப் பாலம் வந்து அவன் பொழப்பு போயிரும், வில்லன்கிட்டக் கூலிக்குச் சேந்துருவான். அவனைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாக. படத்தோட ஓரத்துல அவன் பாட்டுக்கு வாழ்ந்துக்கிட்டு இருப்பான். இதை யோசிச்சவனுக்குக் கோயில் கட்டலாம்.

பெட்டிக்கு அடியில உரக்கடைக் காலண்டர் தாள் ஒன்னு மடிச்சு இருந்துச்சு. பிரிச்சா, அந்த நகரத்தோட வரைபடம்! தெருத்தெருவா, எந்த இடம் எந்த நம்பர்ல வருதுன்னு பென்சில்ல குறிச்சு. அந்த மீசைக்காரவுக வரைஞ்சதுன்னு நம்பவே முடியலை. ஆனா படகுத்துறையை வடகரையில போட்டிருந்தாக. தப்பு. பதினாலாம் நம்பர்ல அது தெளிவா வரும், பெட்டியில அந்த ஒரு நம்பர்தான் இல்லை. பக்கத்துல பென்சில் கெடந்துச்சு. கை சும்மா இருக்குமா? வடகரையை அடிச்சிட்டு, 'தென்கரை. 14 பாருங்க'ன்னு எழுதிட்டேன்.

எழுதின பிறகுதான் உசுரே போச்சு. எச்சியத் தொட்டு அழிச்சேன். தென்கரை இருந்த இடத்துல ஓட்டை விழுந்துச்சு, '14 பாருங்க' மட்டும் நின்னுச்சு.

மடிச்சு வச்சிட்டு இறங்கினேன். அடுத்தவுக பெட்டியத் திறக்குறவன்னு பேர் வந்தா என்னைய ஒன்னும் கேக்க மாட்டாக. எங்கப்பாவைக் கூப்பிட்டு நடுவீட்டுல நிறுத்தி, "இப்படித்தான் பிள்ளை வளத்தீகளா?"ன்னு கேப்பாக. அப்பா வாயில்லாப் பூச்சி, கைகட்டி நிப்பாரு. அதை நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு இறங்கலை.

எட்டாம் நாள் மத்தியானம் மூத்தவுக மச்சுக்கு ஏறினாக. பெட்டி திறக்குற சத்தம் கேட்டுச்சு. இறங்கி வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேக்காம தோட்டத்துக்குப் போயிட்டாக. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்து, "ஞாயித்துக்கிழமை உங்கப்பாவை அண்ணன் வரச் சொல்லிருக்காக. எதுக்குன்னு சொல்லலை"ன்னாரு.

அப்பா மாம்பழப் பையோட வந்தாரு. அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நான். "என்னம்மா செஞ்ச?"ன்னு கண்ணாலயே கேட்டாரு. மூத்தவுக அந்தக் காலண்டர் தாளைக் கொண்டாந்து அவரு முன்னால விரிச்சாக. ஓட்டைக்குப் பின்னாடி வெள்ளைத்தாள் ஒட்டியிருந்துச்சு. அப்பா எந்திரிச்சுக் கைகட்டி நின்னுட்டாரு.

"உக்காருங்க மாமா. இது உங்க மக எழுதினதுதான், இந்த வீட்டுல வேற யாரும் இதைப் படிச்சதில்லை. பதினாலாம் நம்பரைப் பத்து வருசமாத் தேடுறேன், மதுரை வரைக்கும் போயிட்டேன். உங்க வீட்டுல இருக்கா? நான் அந்தப் புள்ளகிட்ட நேர்ல கேக்க முடியாது. தம்பிகிட்டச் சொன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

எடைக்குப் போட்ட கட்டு அப்பாவுக்கு ஞாபகம் வந்துருச்சு. அவரை யாரும் தலை குனிய வச்சிறக் கூடாதேன்னு எட்டு நாளா நான் செத்துக்கிட்டு இருந்தேன். இப்ப அவராவே குனிஞ்சுக்கிட்டாரு. எனக்குத் தாங்கலை.

"அப்பா"ன்னு கதவுக்குப் பின்னாடி இருந்து கூப்பிட்டேன். "புத்தகத்தைக் கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்லுங்க. கதை எனக்கு மனப்பாடம். உங்ககிட்டச் சொல்றேன்."

மூத்தவுக சுவர்ப் பக்கம் திரும்பி உக்காந்து பென்சிலை எடுத்தாக. அப்பா இன்னும் நிமிரலை.

"முதல் பக்கத்துல மழை பெய்யுதுப்பா"ன்னு ஆரம்பிச்சேன்.