வாயால் சொன்ன விலை

"காசுவாயர் மௌத்தாம்" என்றுதான் மண்டூர்த் துறையில் தோணிக்காரர் எனக்குச் செய்தி சொன்னார். இறந்தவர் காத்தான்குடி மீராலெவ்வை. அண்ணன் முறையில் நான் காக்கா என்றே கூப்பிடுவேன். எருமை வியாபாரத்தில் பதினோரு வருடம் என் கூட்டாளி. அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. காசை வாய்விட்டுப் பேசுகிறார் என்று அவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் இந்தத் துறைக்காரர்களாகிய நீங்கள்தான். ஆகவே இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் மாட்டுச் சந்தை வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்குக்கூட அது தெரியாது. எங்கள் இருவரில் விரல் பேசுகிறவன் நான். யுத்தம் தொடங்கிய வருடம், துண்டுக்குள் ஒரு விலையை முடித்துவிட்டுக் காக்காவிடம் குறைத்துச் சொன்னேன். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேச முடியாது. சுவர் எழும்பி நின்றது, கூரைக்கு வழியில்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, திருடக் கூச்சமாக இல்லை.

யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். மூன்றாம் தடவை, சந்தை நடுவே, என் கைமேலும் வாங்குகிறவர் கைமேலும் கிடந்த துண்டை உருவி எடுத்தார். "விரல் பேசினது காணும் தம்பி. வாயால சொல்லுங்க" என்றார். வாங்க வந்தவர் எழுந்து போய்விட்டார்.

திரும்பும் வழியில் அவர் திட்டவில்லை. தன் கையில் என்ன இருக்கிறது, யாரிடம் என்ன கடன் வாங்கியிருக்கிறார் என்று முதலில் தன் கதையைச் சொன்னார். பிறகு, "ஒங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டார். கூரையைச் சொன்னேன். "எடுக்கக்குள்ள வராத வெக்கம், கேட்கக்குள்ள மட்டும் எங்கால வருது?" என்றார். அந்த வருட லாபத்தில் முதற்செலவு என் மகளின் கூரை என்று, இரண்டு வீட்டுப் பெண்களையும் கூட்டிவைத்து முடிவெடுத்தோம்.

அதன்பின் எங்கள் மாடுகளின் விலையை உரக்கவே சொன்னோம். வியாபாரிகள் எங்களை ஒதுக்கினார்கள். ஒரு போகம் முழுக்க ஒரு கன்றும் விலைபோகவில்லை. பணிந்துபோவோம் என்று நான்தான் கெஞ்சினேன். "துண்டுக்குள்ள வாற லாபம் துண்டோடயே போகட்டும்" என்றார். அடுத்த போகத்தில் படுவான்கரை வெள்ளாமைக்காரர் எங்களைத் தேடி வந்தார்கள். விலை தெரிந்து வாங்குவது யாருக்குக் கசக்கும்?

அடக்கம் முடிந்து, வீட்டு முற்றத்தில் அவருடைய பங்கைப் பற்றி நான் வாய் திறந்தேன். "மையத்து வீட்டில காசுப் பேச்சா? மறுகா பார்ப்பம். என்னட்டத் தனியச் சொல்லுங்க" என்றார் அவர் மச்சான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். தனியாகச் சொன்னால் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்கா தெரியாது? துண்டுக்குள் கைவிட்டவன் நான். அப்போது திரைக்கு அப்பாலிருந்து காக்காவின் மனைவியின் குரல் வந்தது.

"எவ்வளவு தம்பி? வாயால சொல்லுங்க."

சொன்னேன். முற்றம் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

அவருடைய மாடுகளும் பங்கும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எனக்கு அந்தப் பட்டம் போதும். இனி இந்தத் துறையில் யாராவது காசுவாயர் என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.