மாப்பிள்ளை பார்க்கப் போன குருவிகள்

கலியாணம் முடிந்து ஒரு மாதமாகியும் அவரும் நானும் ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு, எங்கள் வீட்டோடு வந்து குடியேறியிருந்தார். வாத்தியார் வேலை. பின்னேரம் அசர் தொழுததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால், இருட்டிய பிறகுதான் வருவார். எங்கே என்று கேட்க எனக்கு வெட்கம்.

உம்மாவால் பொறுக்க முடியவில்லை. "புதுமாப்பிள்ள ஒவ்வொரு நாளும் எங்க போறாரு? காசு வச்சுக் கடதாசி வெளயாடுற கூட்டத்துல சேர்ந்திட்டாரோ? ஒருக்காப் போய்ப் பாருங்க" என்று வாப்பாவை நச்சரித்தார்.

வாப்பா அங்கே இங்கே விசாரித்துக்கொண்டு கிட்டங்கி வயல் பக்கம் நடந்து போனார். பொழுதுபட்டு மஃரிப் தொழுகையும் கழிந்து வெகுநேரத்துக்குப் பிறகு, மருமகனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். தொப்பியில் எச்சம்.

உம்மா வாப்பாவைக் குசினிப் பக்கம், அடுப்படிக்கு இழுத்தார். "என்ன கண்டீங்க?"

"குருவி."

"என்ன?"

"மருமகன் குருவி பாக்கத்தான் போறாரு, புள்ள. நாளைக்கு நானும் போறன்."

இரண்டு நாள் கழித்து, நான் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி அவர் கேட்டார்: "நீயும் வாறியா?"

"ஓம்" என்றேன்.

சனம் என்ன கதைக்கும் என்று உம்மா தடுத்துப் பார்த்தார். வாப்பா மாட்டுவண்டி பிடித்து, இரண்டு பக்கமும் சீலை கட்டினார். காவலுக்கென்று உம்மாவும் ஏறிக்கொண்டார்.

மழை விட்டிருந்த மாரிக்காலம். வயல் முடிந்து சதுப்பு தொடங்குமிடத்தில் ஆளுயரத்துக்குச் சம்புப்புல். முதலில் பத்து இருபது குருவிகள் வந்தன. பிறகு கூட்டம் கூட்டமாக வந்து வானத்தில் ஒன்றாய்ச் சேர்ந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின, சரிந்தன, மேலே எழும்பின. வண்டிக்கு மேலாகப் போனபோது பெருமழை வரும் இரைச்சல்.

"சுபுஹானல்லாஹ்!" உம்மா சீலையை விலக்கித் தலையை வெளியே நீட்டிவிட்டார். முக்காடு விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"எங்கயிருந்து வருகுதுகள்?" என்று அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"தெரியா. வடக்கால வருகுதுகள். கறுப்புத் தல, ரோசா உடம்பு. சின்ன வயசுல எங்கட ஊரு வயலுக்கும் வந்ததுகள்." தாழப் பறந்த கூட்டமொன்றைக் கண்ணால் தொடர்ந்தார். "ஊட்டு நெனப்பு வந்தா இதுகளப் பாக்க வருவன்."

மாப்பிள்ளை வந்தாரென்று வீடே சந்தோஷப்பட்டது. அவர் ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்தார் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

"அந்த நெனப்ப எனக்கிட்டயும் சொல்லலாம் மச்சான்" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உம்மா பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவடைக்கு முன் ஒருநாள் குருவிகள் போய்விட்டன. அன்றைக்கு அவர் வெளிச்சத்தோடேயே வீட்டுக்கு வந்து, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்தில் குந்தினார். தன் உம்மாவைப் பற்றி, சண்டைக்காரத் தங்கச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டிருந்ததில் சோறு அடிப்பிடித்துவிட்டது. என் உம்மா அதையே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.